ஓப்பன் சோர்ஸ் தெரியும், வாடிக்கையாளர் வரவில்லை: கேள்வி பதில்

சிறு நிறுவனங்களுக்கு சர்வர், பேக்கப், வலைத்தளம், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸில், அதாவது மூலநிரல் வெளிப்படையாகக் கிடைத்து யாரும் பயன்படுத்தித் திருத்தக்கூடிய மென்பொருளில், அமைத்துப் பராமரித்துத் தருவது என் வேலை. தனி ஆளாகத்தான் செய்கிறேன். இதற்கு வாடிக்கையாளர் பிடிப்பது, அவர்களிடம் பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது பற்றிக் கேளுங்கள். எந்த லேப்டாப் வாங்கலாம், எந்த கோர்ஸ் படிக்கலாம் என்ற கேள்விகளுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

கேள்வி: அண்ணா, லினக்ஸ், டாக்கர், போஸ்ட்கிரெஸ் எல்லாம் நன்றாகத் தெரியும். வலைத்தளம் போட்டு எல்லாவற்றையும் பட்டியலிட்டிருக்கிறேன். ஒரு போன்கூட வரவில்லை. ஏன்?

பதில்: அந்தப் பட்டியல் புரிகிறவர் உங்களைக் கூப்பிட மாட்டார், அவரே செய்துகொள்வார். கூப்பிட வேண்டியவருக்கு அதில் ஒரு பெயரும் தெரியாது. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் முதலாளி மனதில் ஓடுவது வேறு. கணக்கு பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனபோது அதிலிருந்த கொட்டேஷன் எல்லாம் போய்விட்டது. லைசென்ஸ் பில் வருடா வருடம் ஏறுகிறது. உங்கள் வலைத்தளத்தின் முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும். இவற்றுக்கு நீங்கள் என்ன செய்து தருவீர்கள் என்பது அதற்குக் கீழே. டாக்கர் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.

அப்புறம், முதல் சந்திப்பிலேயே பெரிய வேலையை விற்கப் பார்க்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் சர்வரை ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது. சின்னதாக, அரை நாளில் முடிகிற, கட்டணம் முன்பே தெரிந்த ஒரு வேலையை விற்றுப் பாருங்கள். நான் விற்பது ஒரு பரிசோதனை. நேரில் போய்ப் பார்ப்பேன். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? எந்தெந்த மென்பொருளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோயிருக்கிறது? பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பார்த்தார்கள்? டொமைன் பல இடங்களில் பழைய வடிவமைப்பாளர் பெயரில் கிடக்கும், முதலாளிக்கே தெரிந்திருக்காது. கண்டதையெல்லாம் இரண்டு பக்கத்தில், கலைச்சொல் கலக்காமல் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களைக் கூப்பிடாவிட்டாலும் அந்த இரண்டு பக்கம் அவருக்குப் பயன்பட வேண்டும். அப்படி எழுதினால்தான் திரும்பக் கூப்பிடுவார்.

பேக்கப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எல்லோருக்கும். திருப்பி எடுத்துப் பார்க்காததை வாடிக்கையாளரிடம் பேக்கப் என்று சொல்லாதீர்கள். ரெய்டு, அதாவது ஒரே தரவைப் பல டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும் முறை, போட்டிருப்பதும் பேக்கப் ஆகாது. ஒருவர் தவறுதலாக அழித்த ஃபைல் எல்லா டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வெளியிடத்தில், அதோடு மாதம் ஒரு தடவை மீட்டுப் பார்த்துத் தேதி போட்ட குறிப்பு. அந்தக் குறிப்பை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேறு வழி இல்லை.

கேள்வி: இலவச மென்பொருளை வைத்துக் காசு வாங்குவது லைசென்ஸ்படி சரியா?

பதில்: சரி. ஓப்பன் சோர்ஸில் பரவலாகப் பயன்படும் லைசென்ஸ் ஜிபிஎல். கட்டணம் வாங்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அந்த லைசென்ஸுக்குக் காரணமான ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-இல் ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ரெட் ஹாட் நிறுவனம் ஓப்பன் சோர்ஸுக்கு ஆதரவுச் சேவை விற்றே வளர்ந்தது. 2019-இல் ஐபிஎம் அதைச் சுமார் 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

உங்கள் கடமை வேறு இடத்தில் வருகிறது. ஜிபிஎல் மென்பொருளைத் திருத்தி வாடிக்கையாளரிடம் கொடுத்தால், திருத்திய மூலநிரலும் அதே உரிமைகளோடு அவருக்குக் கிடைக்க வேண்டும். அதன் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல் என்றால் இன்னும் ஒரு படி மேலே: திருத்திய மென்பொருளை உங்கள் சர்வரில் ஓட்டி, வலை வழியே மற்றவர்களைப் பயன்படுத்த விட்டாலும் மூலநிரலைத் தர வேண்டும். வேலை ஒப்புக்கொள்ளும் முன் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படியுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கலாம் சார்?

பதில்: தொகை சொல்ல மாட்டேன், உங்கள் ஊரும் செலவும் எனக்குத் தெரியாது. மணிக்கணக்கை அவசர வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பதற்கு ஒரு தொகை, அதன் பிறகு மாதாமாதம் பராமரிப்புத் தொகை. மணிக்கணக்கு என்றால், கோளாறு குறையக் குறைய உங்கள் வருமானமும் குறையும். நன்றாக வேலை செய்கிறவருக்கு அது நியாயமில்லை.

கேள்வி: சர்வருக்கு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு)?

பதில்: டெபியன், அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு). உங்களுக்கு இரண்டில் எது பழக்கமோ அது.

கேள்வி: "இணையத்தில் சும்மா கிடைக்கிறதுக்கு உங்களுக்கு எதுக்குப் பணம்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: "மென்பொருளுக்கு நான் பணம் வாங்கவில்லை. அமைக்க, புதுப்பிக்க, கெட்டால் வந்து சரிசெய்ய வாங்குகிறேன்" என்று சொல்லுங்கள், போதும். ஆனால் அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று யோசியுங்கள். 'இலவசம்' என்று நீங்கள்தான் முதலில் சொல்லியிருப்பீர்கள். அந்தச் சொல்லோடு பேச்சைத் தொடங்கினால் உங்கள் உழைப்பையும் இலவசக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இலவசம் என்றும், ஓப்பன் சோர்ஸ் என்றும் முதல் பேச்சில் எடுக்காதீர்கள்.

கேள்வி (கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் இருப்பவர்): இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்மை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதே பயனருக்குக் கிடைக்கும் சுதந்திரம்தான். அதை மறைத்து விற்றால், மூடிய மென்பொருள் விற்பவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மறைக்கச் சொல்லவில்லை. அறிக்கையிலும் ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு மென்பொருளின் பெயரும் லைசென்ஸும் எழுதுகிறேன். எதை முதலில் சொல்வது என்பதுதான் கேள்வி. வலியோடு வருகிறவரிடம் கொள்கையை முதலில் வைத்தால், தன் பிரச்சினையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் நினைப்பார்.

அவரே: முதலில் சொல்லாததால்தான் முதல் இடைஞ்சலிலேயே பழைய மென்பொருளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மியூனிக் நகராட்சி என்ன ஆயிற்று பாருங்கள். ஏன் மாறினோம் என்று தெரிந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டார்கள்.

பதில்: மியூனிக்கில் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், உலகம் முழுக்கப் பேசப்பட்ட திட்டம் அது. 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார்கள். 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப மாமன்றம் வாக்களித்தது. அதில் அரசியல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊழியர் தினமும் கையாளும் திரையை மாற்றினால் ஒவ்வொரு சின்ன எரிச்சலும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் லினக்ஸ்தான் காரணம் என்பார்கள்.

இடையில் ஒருவர்: உண்மை அண்ணா. ஒரு அலுவலகம் முழுவதையும் ஒரே வாரத்தில் லிப்ரே ஆபீஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆபீஸ் மென்பொருளுக்கு மாற்றினேன். கணக்குப் பிரிவின் எக்செல் ஃபைல்களில் இருந்த மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்கள்) பாதி ஓடவில்லை. அடுத்த மாதம் என்னை நிறுத்திவிட்டார்கள்.

பதில்: எல்லோரும் இதைக் கவனியுங்கள். யார் கண்ணுக்கும் படாத இடத்தில் தொடங்குங்கள்: பேக்கப், ஃபைல் சர்வர், ஃபயர்வால், வலைத்தளம். லினக்ஸ் சர்வரின் ஃபைல்களை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் சம்பா மூலம் ஃபைல் பகிர்வு கொடுத்தால் ஊழியருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அங்கே நம்பிக்கை வந்த பிறகுதான் மேசைக் கணினி. மேக்ரோ உள்ள ஃபைல்களை முதலிலேயே கணக்கெடுத்து, அந்த ஒன்றிரண்டு பேரைப் பழைய மென்பொருளிலேயே விடுங்கள். எல்லோரையும் மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இயக்கத்தவர்: நீங்கள் சொல்வது தந்திரம். நான் கேட்பது உரிமை. ஒரு நாள் விற்பவர் விதியை மாற்றினால் சிறு நிறுவனம் என்ன செய்யும்? அந்த நாளைப் பற்றி யார் எச்சரிப்பது?

பதில்: இந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நானும் அதை வாடிக்கையாளரிடம் பேசுகிறேன். ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள் விற்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. சில வாரங்களிலேயே ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸை விற்பதை நிறுத்தி, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு, அதே வேலையைச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் பற்றிக் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள்! உரிமை என்ற சொல்லுக்குத் தலையாட்டாதவர், 'நாளைக்கு உங்கள் சம்மதம் இல்லாமல் விலையை மாற்ற யாராலும் முடியாது' என்றால் நிமிர்ந்து உட்காருகிறார். இரண்டும் ஒரே விஷயம்தான்.

ஆனால் ஓப்பன் சோர்ஸ் என்றாலே பத்திரம் என்றும் சொல்லிவிடாதீர்கள். சர்வர் வேலைக்கான கருவிகளான டெராஃபார்ம் 2023-இலும் ரெடிஸ் 2024-இலும் லைசென்ஸை இறுக்கி மாற்றியதைப் பார்த்தோம். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தவர்களிடம், 2020 டிசம்பரில், 2021 முடிவோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். நம்மைக் காப்பாற்றியது, வெளியான நிரலை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது என்பதுதான். அதை எடுத்து டெராஃபார்முக்குப் பதில் ஓப்பன் டோஃபு வந்தது, ரெடிஸுக்குப் பதில் வால்கீ வந்தது, சென்ட்ஓஎஸுக்குப் பதில் ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் வந்தன. பின்னால் ஒரே ஒரு நிறுவனம் இருக்கிற மென்பொருளா, பலர் சேர்ந்து நடத்துகிற மென்பொருளா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஒரு வாடிக்கையாளருக்கு ஓடூ என்ற நிறுவன நிர்வாக மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பு போட்டுக் கொடுத்தேன். இப்போது முழுக் கணக்கு வசதியும் கேட்கிறார். அதில் இல்லையே?

பதில்: கம்யூனிட்டி பதிப்பில் விலைப்பட்டியல் போடும் வசதி உண்டு. முழுக் கணக்கு வசதி எண்டர்பிரைஸ் பதிப்பில், அதற்குக் கட்டணம். இப்படி இரண்டு பதிப்பாக வரும் மென்பொருளில் எது எதில் இருக்கிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதே வகை மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்டைப் பாருங்கள், கணக்குப் பகுதியோடு சேர்த்தே ஜிபிஎல்லில் வருகிறது. ஆனால் பாதி ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவது பெரிய வேலை. அந்தச் செலவையும் அவர் முன் வைத்து, முடிவை அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மணிக்கு எவ்வளவு என்று தோராயமாகவாவது சொல்லுங்களேன்.

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மாதப் பராமரிப்பு.

கேள்வி: விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதே, பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போடலாம் என்று விளம்பரம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு அவற்றுக்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு பொதுவாகக் கிடைக்காது, இது முதலாளிக்குப் புரிகிற காரணம். ஆனால் ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வரிக் கணக்கு மென்பொருள் மூன்றும் லினக்ஸில் ஓடுகின்றனவா என்று ஒரு கணினியில் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

கேள்வி: சொந்த மெயில் சர்வரும் சேர்த்து விற்கலாமா?

பதில்: தனி ஆளாக வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கிவிட்டன. மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தாலும் ஐபி முகவரியின் பெயர் கெட்டிருந்தால் மெயில் ஸ்பாமுக்குப் போகும். அந்த மூன்றையும் சரிசெய்து தருவதைத் தனிச் சேவையாக விற்கலாம், நல்ல வேலை.

கேள்வி: மொத்தமாக மெயில் அனுப்பி விளம்பரம் செய்யலாமா? இல்லையென்றால் வாடிக்கையாளரை எங்கே தேடுவது?

பதில்: மொத்த மெயில் வேண்டாம், உங்கள் டொமைனின் பெயர்தான் கெடும். சிறு நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்பவர்களைப் போய்ப் பாருங்கள். ஃபைல் தொலைந்தது, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்பதெல்லாம் முதலில் அவர்கள் காதுக்குத்தான் வரும். ஹார்டுவேர் பழுது பார்ப்பவர்களும் அப்படியே. அவர்களுடைய வேலையை நீங்கள் பறிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால் தயங்காமல் அனுப்புவார்கள். அனுப்பியதற்குப் பங்கு கொடுப்பதாக இருந்தால் வாடிக்கையாளருக்கும் அது தெரியட்டும்.

கேள்வி: டொமைன் பெயரில் வேர்ட்பிரஸ் என்று சேர்த்தால் தேடலில் மேலே வருமா?

பதில்: சேர்க்காதீர்கள். அது வணிகக் குறி, டொமைனில் பயன்படுத்த வேர்ட்பிரஸ் அறக்கட்டளை அனுமதிப்பதில்லை. நிரலுக்குக் கிடைக்கும் உரிமை பெயருக்குக் கிடைக்காது.

கேள்வி: "நீங்கள் ஒரே ஆள், உடம்பு சரியில்லாமல் போனால்?" என்று கேட்டு ஒரு நிறுவனம் தயங்குகிறது.

பதில்: நியாயமான பயம், மழுப்பாதீர்கள். இதே வேலை செய்யும் இன்னொருவரோடு உடன்பாடு வைத்துக்கொண்டு, அவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எல்லா அமைப்பையும் அவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி ஆவணப்படுத்துங்கள். சர்வர் அமைப்பை ஃபைலாக எழுதித் தானாகச் செயல்படுத்தும் அன்சிபிள் மாதிரி ஒன்றில் எழுதி வைத்தால் ஆவணமும் அமைப்பும் ஒன்றாகவே இருக்கும். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பங்களிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட துணை எளிதில் கிடைக்கும். நீங்கள் எழுதிய நிரல் இருக்கும் கிட்ஹப் பக்கத்தை முதலாளி பார்க்கப் போவதில்லை, உங்களைப் போன்ற இன்னொரு ஃப்ரீலான்ஸர் பார்ப்பார்.

கேள்வி: கட்டணம் பற்றி...

பதில்: மூன்றாவது கேள்விக்கான பதில்.

இயக்கத்தவர்: மறைக்கவில்லை, ஒப்பந்தத்தில் எழுதுகிறேன் என்றீர்களே, வாடிக்கையாளரின் சுதந்திரம் பற்றிய வரிகளைக் காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக, எடுத்துப் பயன்படுத்துங்கள். நான் எழுதுவது இது: "டொமைன், ஹோஸ்டிங், எல்லா அட்மின் கணக்குகளும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கும். பாஸ்வேர்ட் பட்டியலின் நடப்புப் பிரதி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும். ஒரு மாத முன்னறிவிப்பில் அவர் விலகலாம். விலகும்போது எல்லாத் தரவும் பொதுவான ஃபைல் வடிவங்களில், திருத்திய நிரலும் அமைப்பு ஆவணமும் சேர்த்து, கூடுதல் கட்டணமின்றி ஒப்படைக்கப்படும். புதிதாக வருபவருக்கு அரை நாள் விளக்கம் தரப்படும்." இதை ஒப்பந்தத்தின் கடைசியில் போடாதீர்கள், முதல் பக்கத்திலேயே வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் அவர் முன்னாலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.