டாட்ஜர்ஸா, பாட்ரெஸா? 2026 பிட்சிங் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பாலில் 2025இல் டாட்ஜர்ஸ் அணி 93 வெற்றி, பாட்ரெஸ் அணி 90. பிட்சிங்கில் (பந்துவீச்சில்) இரண்டும் சமம்தானே சார்?

இல்லை. டாட்ஜர்ஸின் பிட்சர்கள் ஸ்னெல், கிளாஸ்னோ, சசாகி மூவரும் தோள்பட்டைப் பிரச்சினையில் பல வாரங்கள் வெளியே இருந்தார்கள். அவர்களின் ஓதானி மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேடு) திரும்பியதே ஜூன் 16இல்தான், அதுவும் பாட்ரெஸுக்கு எதிராக ஒரே ஒரு இன்னிங்ஸ் (இங்கே மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ்). இத்தனைக்கும் நடுவில் 93 வந்தது. பாட்ரெஸும் தன் பிட்சர் மஸ்க்ரோவை சீசன் முழுக்க இழந்திருந்தது, உண்மைதான். ஆனால் அவர்களிடம் இடத்தை நிரப்ப வந்தவர்களின் தரம் சட்டென்று இறங்கிவிட்டது.

நான் கிரிக்கெட் ஆள். நல்ல பிட்சர் ஒருவர் இருந்தால் அவரையே அடிக்கடி இறக்கினால் என்ன?

ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்) ஒரு ஆட்டத்தில் 90, 100 பந்து வீசுவார். அப்புறம் நாலைந்து நாள் ஓய்வு. சீசனோ 162 ஆட்டம். ஐந்து ஸ்டார்ட்டர்களை மட்டும் வைத்து சீசனை முடிப்பது அபூர்வம். அதனால் நான் முதல் ஐந்து பேரை விட்டுவிட்டு, ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை யார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பாட்ரெஸிடம் அந்த ஆறாவது ஆள் யார்?

அங்கேதான் சிக்கல். டிலன் சீஸ் 7 வருடம், 210 மில்லியன் டாலருக்கு டொராண்டோ போய்விட்டார். தர்விஷுக்கு முழங்கை அறுவை சிகிச்சை, 2026 முழுக்க இல்லை. மைக்கேல் கிங் திரும்பக் கையெழுத்திட்டது நிம்மதி. பிவெட்டா போன வருடம் 13 வெற்றி, 2.87 ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்). மஸ்க்ரோவ் டாமி ஜான் என்ற முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருகிறார். பந்துகளை எண்ணித்தான் அவரை வீச வைப்பார்கள், 180 இன்னிங்ஸ் எதிர்பார்க்காதீர்கள். மிச்சம் வாஸ்க்வெஸ், சியர்ஸ். இவர்களில் ஒருவர் நான்காவது ஸ்டார்ட்டர் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

புல்பென் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசுபவர்கள்)?

பாட்ரெஸ்தான், சந்தேகமில்லை. போன சீசனில் லீக்கிலேயே சிறந்த புல்பென் அவர்களுடையது. 40 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காத்துக்கொடுப்பது) எடுத்த சுவாரெஸ் அட்லாண்டாவுக்குப் போனாலும், 104 மைல் வேகத்தைத் தொடும் மேசன் மில்லர் இருக்கிறார். கூடவே மொரெஹோன், எஸ்ட்ராடா, ஜேசன் ஆடம். மில்லருக்காக லியோ டி வ்ரீஸ் என்ற பெரிய நம்பிக்கை நட்சத்திரத்தைக் கொடுத்தார்கள், அதனால் நடு சீசனில் இன்னொரு பெரிய பேரம் பேச இப்போது கையில் சரக்கு குறைவு.

டாட்ஜர்ஸ் 72 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்த டானர் ஸ்காட், பத்து முறை முன்னிலையைக் கைநழுவ விட்டார். அக்டோபரில் சசாகியை க்ளோசராக்கி (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) ஒப்பேற்றினார்கள். இப்போது எட்வின் டியாஸை 3 வருடம், 69 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள்.

எல்லாம் பணம்தானே அண்ணா?

பாதி. யமமோட்டோவுக்கு 325 மில்லியன் கொடுத்தார்கள். அவரும் 2025 உலகத் தொடரின் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி, மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் கடைசி எட்டு அவுட்டையும் எடுத்தார். ஆனால் எம்மெட் ஷீஹன் 2021 டிராஃப்டின் (புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) ஆறாவது சுற்றில் கிடைத்தவர். அவரைப் போன்றவர் மற்ற பல அணிகளில் மூன்றாவது ஸ்டார்ட்டர்.

இருவரும் ஆடும் டிவிஷனில் முதலிடம் யாருக்கு? சீசனுக்குப் பிறகு வரும் பிளேஆஃபில் மோதினால்?

டிவிஷன் டாட்ஜர்ஸுக்கு, ஏழெட்டு ஆட்ட வித்தியாசத்தில். பாட்ரெஸுக்கு வைல்ட் கார்ட் (டிவிஷனை வெல்லாத அணிக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம்). ஐந்து ஆட்டத் தொடர் என்றால் நான்காவது ஸ்டார்ட்டர் தேவையே படாமல் போகலாம், அது பாட்ரெஸுக்குச் சாதகம். ஆனால் 2024இல் இதே மாதிரித் தொடரில் பாட்ரெஸ் 2-1 என முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசி 24 இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அதில் நான்காவது ஆட்டத்தை டாட்ஜர்ஸ் எட்டு பிட்சர்களை வைத்து 8-0 என ஜெயித்தது.

டாட்ஜர்ஸுக்கு ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. கிளாஸ்னோ இதுவரை ஒரு சீசனில் வீசிய அதிகபட்சமே 134 இன்னிங்ஸ். கெர்ஷாவும் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்னெல், கிளாஸ்னோ, சசாகி மூவரும் ஒரே மாதத்தில் மறுபடி படுத்தால் என் ஏழெட்டு ஆட்டக் கணக்கு இரண்டு மூன்றாகச் சுருங்கும்.