பங்குனி ஆமைகளும் பால்கனி விளக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னைக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. பாலவாக்கத்தில் கடல் பார்த்த குடியிருப்பில், நான்காவது மாடியில் இருக்கிறேன். பங்குனி ஆமைகள் முட்டையிட்ட குழிகளைத் தேடி ராத்திரியில் கரையோரம் நடக்கும் ஆமை நடைக்கு இந்தப் பருவத்தில் இரண்டு முறை போனேன். நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை. முதல் இரவு ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் இரவு ஒரு குழி கிடைத்தது. ஆனால் அன்று வழியில் செத்துக் கிடந்த ஆமைகள் ஏழு. அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "இங்கே நூறு முட்டையைக் காப்பாற்றுகிறீர்கள், அங்கே தாய் ஆமைகள் சாகின்றன. உங்கள் மன நிம்மதிக்குத்தான் இந்த நடையெல்லாம்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது இயற்கையில் தலையிடுவது ஆகாதா? முதலில் மீனவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவதுதானே சரி? குஞ்சுகளை விடும்போது படம் எடுத்துப் போடலாமா?

ஒரு வாசகி,
பாலவாக்கம்

அன்புள்ள வாசகிக்கு,

ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். செத்த ஆமைகளைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் 'நிறைய' என்று இருக்கும், 'மனம் உடைந்தது' என்று இருக்கும். நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் நண்பருக்குச் சொல்லவேண்டிய பதில் அதிலேயே பாதி இருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த மாதம் இந்தக் கரையில் நடக்க ஆளே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாய் இழுத்தது போக மிச்சத்தை மணல் மூடியிருக்கும். 'இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்போல' என்று யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். 1970களில், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் அந்தப் பண்ணைக்காரர்களும் இந்தக் கரையில் நடந்தார்கள். ஐஐடிக்குப் படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு நாட்டின் கடற்கரைகளை நடந்தே பார்த்த சதீஷ் பாஸ்கர் நடந்தார். 1988இலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு பருவம் தவறாமல் நடக்கிறது. போன வருஷம் எத்தனை குழி, இந்த வருஷம் எத்தனை, எந்த இடத்தில் எத்தனை பிணம் என்று எழுதி வைத்த நோட்டு இருந்தால்தான் ஒரு சாவு கணக்கில் வரும். இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பொரிப்பகம் பற்றிய கேள்விக்கு அதிகம் சொல்ல விரும்பவில்லை. நாய், காக்கை, ஹைமாஸ்ட் விளக்கு, கார் நிறுத்த மணலில் கொட்டிய கட்டட இடிபாடு எல்லாம் இருக்கிற கரையில் முட்டையை மட்டும் இயற்கையிடம் விட்டுவிடலாம் என்பது வசதியான பேச்சு. குழி கிடைத்த சில மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், முட்டையைப் புரட்டக் கூடாது, அதே ஆழத்தில் புதைக்கவேண்டும். மணலின் சூடு ஏறினால் பொரிப்பதெல்லாம் பெண் குஞ்சாகிவிடும் என்பதால் நிழலும் போடவேண்டும். கவலையோடு செய்கிற வேலை அது. படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது.

இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

மீனவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தவேண்டும் என்கிறீர்கள். அம்மா, நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் இந்த வாக்கியத்தை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். மேடையில், துண்டுப் பிரசுரத்தில், கல்லூரி விழாவில். இதைச் சொல்கிறவர் ஒரு தடவையாவது குப்பத்துக்குள் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

1993 பிப்ரவரியில் நான் முதன்முதலாக நடந்தேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். டிராக்டர் சக்கரம் போனதுபோல மணலில் ஒரு தடம். எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. தடம் முடிகிற இடத்தில் கம்பால் குத்திக் குத்திப் பார்க்கிறோம், அரை மணி நேரம் ஆகியும் குழி அகப்படவில்லை. படகுக்குப் பக்கத்தில் மணலில் படுத்திருந்த ஒரு தாத்தா எழுந்து வந்தார். தடத்தை ஒருமுறை பார்த்தார். "இது முட்ட வெக்கல தம்பி. தோண்டிப் பாத்துருக்கு. வெளிச்சம் பட்டுருக்கு, திரும்பிப் போயிருச்சு" என்றார். அப்புறம் எங்களைக் கூட்டிக்கொண்டு இருநூறு அடி தெற்கே நடந்து, அடும்பங்கொடி படர்ந்திருந்த மேட்டின் ஓரத்தில் நின்று, குதிகாலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். நான்காவது அழுத்தலில் குதிகால் உள்ளே இறங்கியது. நூற்றுப் பதினெட்டு முட்டை.

சங்கப் பாட்டு ஒன்றில் இதே காட்சி இருக்கிறது. அடும்பங்கொடியைச் சிதைத்து, வெண்மணலில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகிறது ஆமை. அதில் ஆண் ஆமை காவல் இருப்பதாக வரும். உண்மையில் கடல் ஆமையின் ஆண், குஞ்சாகக் கடலுக்குள் போனபின் பெரும்பாலும் கரைக்கே வருவதில்லை. ஆனால் கொடியையும் மணலையும் முட்டையின் புலவு நாற்றத்தையும் அந்தக் கவிஞர் பக்கத்தில் இருந்து அறிந்திருக்கிறார். தாத்தாவும் அப்படி அறிந்தவர். அவருடைய குதிகாலுக்குத் தெரிந்ததை நான் கற்றுக்கொள்ள ஆறு பருவம் ஆனது.

அவரைப் புனிதராக்க விரும்பவில்லை. சின்ன வயதில் ஆமை முட்டையைத் தின்றிருக்கிறோம், கூடையில் வைத்து விற்றும் இருக்கிறோம் என்று அவரே சொன்னார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். சட்டம் வந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "வர்றது கொறஞ்சு போச்சு. பாத்தா தெரியாதா? அதான் விட்டுட்டோம்" என்றார். ஒரு ஊரே பார்த்து, யோசித்து, நாக்கை அடக்கியிருக்கிறது. இதற்கு மேல் என்ன விழிப்புணர்வு வேண்டும்?

அன்று அவர் கையை நீட்டி எனக்குக் காட்டியது ஒரு விளக்கு. சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டுப் புதிதாக எழுந்த ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி விளக்கு. "அதப் போயி மொதல்ல நிறுத்தச் சொல்லு" என்றார்.

நான் அதைச் செய்யவில்லை. இருபது வயதில் ஒரு கட்டடத்தின் வாசலில் போய் நின்று பேசும் துணிச்சல் எனக்கு வரவில்லை. பல வருஷம் கழித்து நானே அப்படி ஒரு கட்டடத்தில் குடியேறினேன். ஒரு மார்ச் மாதம் காலையில், பின்புறச் சாலையில் பதினோரு குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. எங்கள் கண்ணில் படாமல் போன குழி. பொரித்து வந்த குஞ்சு, இருட்டில் எது வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். கோடிக்கணக்கான வருஷமாக அது கடலாகத்தான் இருந்தது. எங்கள் கரையில் அது எங்கள் குடியிருப்பின் காவல் விளக்காக இருந்தது.

அந்தப் பதினொன்றையும் செய்தித்தாளில் எடுத்துக்கொண்டு குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். திருடன் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். ஒருவர் 'ஆமை புகுந்த வீடு' என்று பழமொழி சொல்லிச் சிரித்தார். ஆமை வீட்டுக்குள் புகவில்லை ஐயா, வீடுதான் ஆமையின் கரைக்குள் புகுந்திருக்கிறது என்றேன். விளக்கை அணைக்கவில்லை. ஆனால் அதே வருஷம், அதே சங்கம், குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஆமையைக் காப்போம் என்று ஓவியப் போட்டி நடத்தியது. விழிப்புணர்வுக்காக! அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தாத்தாவின் பேத்தி. இதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. விளக்குக்கு மூடி போட்டு, கீழ்நோக்கித் திருப்பி, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் அணைத்து வைக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு நான்கு வருஷம் ஆனது. திருடன் யாரும் வரவில்லை.

சரி, தாய் ஆமைகள் எப்படிச் சாகின்றன? நீங்கள் பார்த்த அந்த ஏழுக்கு வருவோம். ஆமை மூச்சு விட மேலே வரவேண்டும். பருவத்தில் அவை கரையை ஒட்டியே கூடுகின்றன. அதே மாதங்களில் இழுவைப் படகுகள் இறாலுக்காகக் கரையை நெருங்குகின்றன. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் அவை இழுக்கக் கூடாது என்று 1983ஆம் வருஷச் சட்டத்தின்படி விதி இருக்கிறது. மணிக்கணக்காக அடியில் இழுபடும் மடிவலைக்குள் சிக்கிய ஆமை திமிறித் திமிறி மூச்சு முட்டிச் சாகிறது. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டமும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியே போகும். பல நாடுகளில் பல வருஷமாக இருக்கிற கருவிதான். அது இல்லை என்பதால்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்குவதை 2019இல் அமெரிக்கா நிறுத்தியது. நம் தெருக் கடையில் இறால் வாங்கும்போது நம்மில் யார் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம்? நம் கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15இல் தொடங்கும். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தேதி. முட்டையிட வந்த தாய் ஆமைகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்து போயிருக்கும், அல்லது செத்திருக்கும்.

குப்பத்து ஃபைபர் படகின் வலையில் ஆமை சிக்காது என்று சொல்லமாட்டேன். திருக்கை வலையில் சிக்கும். அப்போது அந்த மனிதர் செய்யவேண்டியது தன் வலையை அறுப்பது. கடன் வாங்கிப் போட்ட வலை. மகாராஷ்டிராவில் 2018இலிருந்து, ஆமையை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். இதைப் பற்றிக் குப்பத்தில் பேசுங்கள், உங்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். இன்னொன்றும் சொல்வார்கள்: கரையோரம் வரும் இழுவைப் படகு ஆமையை மட்டும் கொல்வதில்லை, இவர்கள் போட்ட வலையையும் கிழித்துக்கொண்டு போகிறது. ஆமைக்கும் குப்பத்துக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. இது புரியாமல் ஆமைக்காக மீனவரைத் திருத்தக் கிளம்புகிறவர், கூட நிற்க வேண்டியவரை எதிரில் நிறுத்திவிடுகிறார். இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவரையும் நான் திட்டமாட்டேன். வலை எங்கே இறங்கவேண்டும் என்று முடிவு செய்பவர் அவர் இல்லை.

உங்களைக் கடிந்துகொண்டேன் என்று நினைத்து நடையை விட்டுவிடாதீர்கள். ஆமையே வராத முதல் இரவுக்குப் பிறகும் இரண்டாம் இரவு போயிருக்கிறீர்கள். முதல் இரவோடு நின்றுவிட்டவர்கள் எனக்கு நூறு பேரைத் தெரியும்.

கடல் பார்த்த குடியிருப்பு, நான்காவது மாடி என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா. இந்த வாரம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கீழே இறங்கி மணலுக்குப் போங்கள். கூட யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். அலை தொடாத மேட்டில் குப்புறப் படுத்து, கன்னத்தை மணலில் வைத்து, உங்கள் கட்டடத்தைப் பாருங்கள். குஞ்சின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும். எத்தனை விளக்கு தெரிகிறது என்று, செத்த ஏழு ஆமைகளை எண்ணிய மாதிரியே, ஒன்று விடாமல் எண்ணுங்கள். அதில் உங்கள் பால்கனி விளக்கும் உண்டா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.