‘எங்கேயோ இடிக்குதுடி’: வெண்பா கேள்வி பதில்

கேள்வி: வெண்பா எழுத ஆசைப்பட்டு, செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை வாங்கினேன். அசை, அசைகள் சேர்ந்த சீர் வரை வந்தேன். சீரோடு சீர் இணையும் முறையான தளையில் நின்றுவிட்டேன். வேறு வழி இருக்கிறதா அம்மா?
(மன்னார்குடி வாசகி)

இருக்கிறது. காரிகையைக் கொஞ்ச நாள் அலமாரியில் வைத்துவிட்டு மூதுரையைக் கையில் எடுங்கள். அமிதசாகரர் எழுதிய காரிகை எனக்கு உயிர். ஆனால் காது பழகாமல் அதற்குள் போவது, பாட்டே கேட்காதவர் ராக இலக்கணம் படிப்பதைப் போன்றது. தினமும் ஒரு வெண்பாவை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூதுரை முப்பது, நல்வழி நாற்பது, பிறகு நாலடியார். மனத்துக்குள் படித்தால் பயனில்லை, குரல் வெளியே வரவேண்டும்.

என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மூதுரை முழுவதையும் ஒப்பிப்பார். நான் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் போதும், “எங்கேயோ இடிக்குதுடி” என்பார். தளை என்ற பேரே அவருக்குத் தெரியாது. ஆனால் தளை தட்டும் இடம் மட்டும் தப்பாமல் தெரியும். முதலில் அந்தக் காது வேண்டும்.

அது வந்தபின் விதி மிகச் சின்னது. குறிலோ நெடிலோ தனியே நின்றால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை, இரண்டிலும் பின்னால் ஒற்று வரலாம். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாவில் முடியும் சீருக்கு அடுத்தது நிரையில் தொடங்கட்டும். விளமோ காயோ வந்தால் அடுத்தது நேரில் தொடங்கட்டும். கனிச்சீர் கூடாது. ஈற்றடிக்கு மூன்றே சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் (மாதிரிச் சொல்லில்) ஒன்றாக முடியவேண்டும். இதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு காரிகையைத் திறந்து பாருங்கள், நீங்கள் வாயால் சொல்லிப் பழகியதைத்தான் அது விளக்குவது தெரியும்.

கேள்வி: ஒரு குறள் வெண்பா அனுப்பியிருக்கிறேன். தளை தட்டுகிறது என்கிறார் நண்பர். எங்கே? எப்படிச் சரிசெய்வது?
மின்சாரம் போன இரவில் மொட்டைமாடி
விண்மீன்கள் எண்ணும் விருந்து.
(திருப்பூர் வாசகர்)

மொட்டைமாடியை வெண்பாவுக்குள் கொண்டுவந்ததற்கே உங்களைப் பாராட்டவேண்டும். நண்பர் சொன்னது சரிதான். ‘இரவில்’ புளிமா, அடுத்து வரும் ‘மொட்’ நேர். மா முன் நேர் வந்ததால் இடிக்கிறது. வேறு பழுது இல்லை. ‘மொட்டைமாடி’ நாலசைச் சீர் ஆகிவிட்டதோ என்று பயப்படவேண்டாம். நடுவில் வரும் ‘டை’ ஐகாரக் குறுக்கமாகக் குறிலைப் போல நின்று, ‘மொட்-டைமா-டி’ என்று கூவிளங்காய் ஆகிறது.

‘இரவில்’ என்பதை ‘இரவெல்லாம்’ என்று மாற்றிப் பாருங்கள். புளிமாங்காய், காய் முன் நேர், தளை சேர்ந்துவிட்டது. பொருளிலும் ஒன்று நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு இரவைப் பற்றிய செய்தியாக இருந்தது, விடிய விடிய நீண்டுவிட்டது. யாப்பு கேட்டதால் கிடைத்த சொல் இது. யாப்பு கையைக் கட்டிப்போடுகிறது என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

எனக்கு உறுத்துவது ‘விருந்து’. தளை சரி, பிறப்பு வாய்பாடு சரி, ‘விண்மீன்கள்’ என்பதோடு மோனையும் சரி. ஆனால் அந்த மாடியில் விருந்து இல்லை. அங்கே இருந்தது என்ன? வானத்தை நோக்கி நீண்ட ஒரு விரல். அதையே வைத்துவிடலாம்.

மின்சாரம் போன இரவெல்லாம் மொட்டைமாடி
விண்மீன்கள் எண்ணும் விரல்.

‘விரல்’ மலர் வாய்பாடு, மோனையும் கெடவில்லை. அவலோகிதம் மாதிரி யாப்பு மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. எந்த இடத்தில் தளை தட்டுகிறது என்று நொடியில் காட்டிவிடும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ‘விருந்து’ வேண்டாம் என்று மட்டும் அது சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

கேள்வி: ‘தான்தருத லால்’ என்று மூதுரையில் அச்சிட்டிருக்கிறார்கள். ‘தருதலால்’ என்ற சொல்லை இப்படி உடைப்பது கண்ணை உறுத்துகிறது. அச்சுப் பிழையா?
(காரைக்குடி வாசகர்)

பிழை இல்லை, இதற்கு வகையுளி என்று பெயர். சீர் பிரியும் இடத்தில் சொல்லும் பிரிந்து நிற்கிறது. சேர்த்து எழுதினால் ‘தருதலால்’ கருவிளம் ஆகிவிடும், வெண்பாவின் கடைசிச் சீராக நிற்காது. சொல்லும்போது பொருளோடு சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த வெண்பாவைப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்ததால் முழுவதையும் தருகிறேன்.

நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா - நின்று
தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
தலையாலே தான்தருத லால்.

செய்த உதவி என்றைக்குத் திரும்பி வரும் என்று கேட்கவேண்டாம், தென்னை வேரால் குடித்த நீரைத் தலையால் தருகிறதே என்கிறார் ஔவையார். இரண்டாம் அடியின் கடைசியில் தனியாக நிற்கும் ‘நின்று’ என்ற சொல்லைப் பாருங்கள். நேரிசை வெண்பா அந்த இடத்தில் முதல் இரண்டடிகளின் எதுகையோடு ஒரு தனிச்சொல்லைக் கேட்கும். வேறு வழி தெரியாதவர்கள் அங்கே ‘என்றும்’, ‘நன்றே’ என்று எதையாவது போட்டு நிரப்புவார்கள். ஔவையார் அங்கே மரத்தை நிறுத்துகிறார்! அந்தச் சொல்லை எடுத்தால் தென்னை சாய்ந்துவிடும். கோடு போட்டதுபோல அது தனியே நிமிர்ந்து நிற்பதால், அடுத்த அடிக்குப் போகுமுன் நம் குரலும் ஒரு கணம் நிற்கிறது. பிறகு தாள், தலை என்று அடியிலிருந்து உச்சிக்கு ஏறுகிறோம்.

பழைய பாட்டைப் படிக்கும்போது இலக்கணம் கட்டாயப்படுத்தும் இடங்களில்தான் நான் முதலில் நிற்பேன். தனிச்சொல், ஈற்றுச்சீர், எதுகைக்காக வந்த சொல். அங்கே உயிர் இருந்தால் அவர் கவிஞர்.

கேள்வி: அபிராமி அந்தாதியும் வெண்பாதானே?
(திருக்கடையூர் வாசகி)

இல்லை, கட்டளைக் கலித்துறை. அடிக்கு ஐந்து சீர். ஒற்றெழுத்தை விட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ‘உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்’ என்ற அடியை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 17 வரும். காரிகையும் இதே யாப்புதான்.

கேள்வி: புதுக்கவிதை வந்தபின் இதெல்லாம் எதற்கு?
(கோவை வாசகர்)

நானும் புதுக்கவிதை விரும்பிப் படிப்பவள்தான். அது இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ஆனால் வெண்பா எழுதிப் பழகியவர் ஒரு சொல்லுக்கு மாற்றாக ஆறு சொல் தேடுவார். அந்தத் தேடலில் தமிழின் எத்தனையோ சொற்கள் கைக்கு வரும். அந்தச் செல்வத்தை என் பிள்ளைகள் இழப்பதை என்னால் ஏற்கமுடியாது.

கேள்வி: இந்த மாதம் ஈற்றடி தருவீர்களா?
(பல வாசகர்கள்)

‘சன்னல் இருக்கை சுகம்.’ இதைக் கடைசி அடியாக வைத்து நேரிசை வெண்பாவாக எழுதுங்கள். ‘சன்னல்’ நேரில் தொடங்குவதால் மூன்றாம் அடியின் கடைசிச் சீர் விளமாகவோ காயாகவோ இருக்கவேண்டும். அந்த அடியின் எதுகைக்கு மின்னல், கன்னல் இரண்டும் உடனே ஓடிவரும். இரண்டையும் விட்டுவிட்டு, நீங்கள் போகும் பேருந்திலோ ரயிலிலோ உண்மையில் இருக்கும் ஒன்றைப் பிடித்து அனுப்புங்கள்.