சேர்வதற்கு முன் வகுப்பில் அமர்ந்து பார்க்கலாமா?

ஒரு பாடத்தில் பெயர் பதிவதற்கு முன் அதன் வகுப்பில் அமர்ந்து கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும், எனினும் பேராசிரியருக்கு முன்கூட்டியே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதி அனுமதி பெறுவதே முறை. பெரிய விரிவுரைக் கூடத்தில் எளிதாக இடம் கிடைக்கும். ஆய்வகத்திலும், பத்துப் பேர் மட்டுமே அமர்ந்து விவாதிக்கும் வகுப்பிலும் மறுப்பு வரக்கூடும், அது நியாயமானதும்கூட. ஹார்வர்டில் பருவத்தின் முதல் வாரத்தில் இப்படி வகுப்பு வகுப்பாகச் சென்று பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது; அதைக் கைவிட 2022-இல் ஆசிரியர்கள் வாக்களித்தனர்.

முதல் வகுப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; அன்று பாடத்திட்டத்தை விளக்குவதிலேயே நேரம் கழிந்துவிடும். இயன்றால் முந்தைய பருவத்தின் நடுவில், கடினமான பகுதி நடக்கும் நாளில் சென்று, மாணவர்கள் தயங்காமல் கேள்வி கேட்கிறார்களா என்று கவனியுங்கள்.