போன பார்வையை ஸ்டெம் செல் சிகிச்சை திரும்பத் தருமா? அப்பாவுக்கு வயதால் விழித்திரை தேய்ந்திருக்கிறது, ஒரு கிளினிக்கில் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஆனால் செல் சிகிச்சை எல்லாமே ஏமாற்று என்றும் நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் எங்கள் மாமாவின் ஒரு கண்ணில் தெறித்துவிட்டது. கருவிழியின் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்தான் அதன் மேல்படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. அவை வெந்துபோனால் கருவிழி மங்கிவிடும். தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்தாலும் நிலைக்காது. இதற்கு வழி இருக்கிறது. நல்ல கண்ணின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் திசு எடுத்து, நறுக்கி, அடிபட்ட கண்ணில் பனிக்குடச் சவ்வை (கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) விரித்து அதன் மேல் ஒட்டுவார்கள். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட முறை இது. ஆய்வகத்தில் செல் வளர்க்க வேண்டியதில்லை என்பதால் செலவும் குறைவு. மாமாவுக்கு இதைச் செய்தபின் அந்தக் கண்ணில் ஆள் அடையாளம் தெரிகிறது. பால்வெட்டுத் தொழிலாளிகள் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

உங்கள் அப்பாவின் பிரச்சினை கருவிழியில் இல்லை, கண்ணின் உள்ளே ஒளியை உணரும் விழித்திரையில். அங்கே இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கிறது. 2014இல் ஜப்பானில் கண் மருத்துவர் மசாயோ தகாஹாஷியின் குழு, ஒரு பெண்மணியின் தோல் செல்லிலிருந்தே விழித்திரைக்கு அடியில் இருந்து அதைத் தாங்கும் நிறமிச் செல்களை வளர்த்து ஒரு கண்ணில் வைத்தது. பார்வை கூடவில்லை, மேலும் குறையாமல் நின்றது. அடுத்த நோயாளியின் செல்களில் மரபணு மாற்றம் தெரிந்ததும் அறுவை சிகிச்சையையே நிறுத்திவிட்டார்கள். அதே காலத்தில், 2015இல், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக் மூன்று பெண்களிடம் ஆளுக்கு 5,000 டாலர் வாங்கி, வயிற்றுக் கொழுப்பில் எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செலுத்தியது. இருந்த பார்வையும் போயிற்று.

நியாயம் எது என்பது எனக்கு இதிலேயே தெளிவாகிவிட்டது. பரிசோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, இரண்டு கண்ணையும் ஒன்றாகத் தொடக் கூடாது. உண்மையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் எண் இருக்கும், அதைக் கேளுங்கள்.

அப்புறம், அப்பாவுக்கு நேர்கோடுகள் வளைந்து தெரிகிறதா? அப்படியென்றால் ரத்தக்குழாய் கசியும் வகையாக இருக்கலாம். அதற்கு ஏற்கெனவே நிரூபணமான ஊசி மருந்து உண்டு, ஆனால் தாமதித்தால் பலன் குறையும். இந்த வாரமே ஒரு விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள்.