பிறந்ததும் அழாத குழந்தை: கேஸ் ஷீட் என்ன சொல்கிறது?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் நான். சிகிச்சையில் நேர்ந்த தவறால் மூளை பாதிக்கப்பட்டால் இழப்பீடு கேட்பது எப்படி என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாலக்கோடு: ஐயா, தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்குப் பிரசவம். இரவே பனிக்குடம் உடைந்துவிட்டது. டாக்டர் விடிந்துதான் வந்தார். குழந்தை பிறந்ததும் அழவில்லை. இப்போது ஒன்றரை வயது, தலை நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

போடலாம். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மனம் வருந்தும்படியான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூளை முடக்குவாதம் எல்லாமே பிரசவத்தில் வந்ததல்ல. கருவிலேயே ஏற்பட்ட குறை, தொற்று, குறைமாதப் பிறப்பு, பிறந்தபின் முற்றிய மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வீசப்போவது இதைத்தான். டாக்டர் தாமதமாக வந்தார் என்று சொன்னால் போதாது. அந்தத் தாமதத்தில்தான் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தது என்று காட்ட வேண்டும். அதற்குக் கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனை எழுதிவைத்த சிகிச்சைக் குறிப்பு, வேண்டும். வயிற்றில் இருந்த குழந்தையின் துடிப்பை எத்தனை மணிக்கெல்லாம் பார்த்தார்கள், எப்போது குறைந்தது, டாக்டருக்கு எப்போது தகவல் போனது, பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் அப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் மூச்சு, துடிப்பு முதலியவற்றுக்குப் போடுவது) எவ்வளவு, அடுத்த நாட்களில் வலிப்பு வந்ததா, எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது எனப் பார்க்க வேண்டும்.

எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம். கடிதம் எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

இதே போன்ற ஒரு வழக்கில் எனக்குக் கிடைத்த நர்ஸ் குறிப்பில் 2.00, 2.30, 3.00, 3.30 என்று வரிசையாக நேரம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராகத் துடிப்பு 140, வயிற்றுக் குழந்தைக்கு இயல்பான அளவு. ஒரே பேனா, ஒரே சாய்வு. அரை மணிக்கு ஒருமுறை எழுதியது போல் இல்லை, ஒரே மூச்சில் எழுதியது போல் இருந்தது. குழந்தையின் அப்பா சட்டைப்பையில் மருந்துக்கடை ரசீது ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தார். அவசரம் என்று ஊசி மருந்து வாங்கிவரச் சொன்னார்களாம். ரசீதில் அச்சாகியிருந்த நேரம் 3.12. துடிப்பு 140 இருக்கும்போது என்ன அவசரம் என்று கேட்டேன். எதிர்த்தரப்பு பதில் சொல்ல இரண்டு வாய்தா வாங்கியது. அந்த வகை ரசீதுத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அன்றிரவு நீங்கள் யாருக்கெல்லாம் போன் செய்தீர்கள் என்ற பட்டியலும் உதவும்.

ஓசூர்: அண்ணனுக்குப் பெங்களூருவில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்த பிறகு நினைவு திரும்பவே இல்லை. பில் ₹4 லட்சம். பெங்களூருவுக்குத்தான் அலைய வேண்டுமா?

வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம். கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையமே போதும். எந்த ஆணையம் என்பதை, நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் பார்ப்பதில்லை. சிகிச்சைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ₹50 லட்சம் வரை மாவட்டம். ₹5 லட்சம் வரை கட்டியிருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ₹1 கோடி கேட்டாலும் அப்படித்தான்.

மயக்க மருந்து நிபுணர் எழுதும் சார்ட் தனியாக இருக்கும். ஆக்சிஜன் அளவும் ரத்த அழுத்தமும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதில் பதிவாகும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தியடையாமல் அந்த சார்ட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்சிஜன் நின்றாலே போதும், சேதம் மீளாது. தவறு வெளிப்படையாகத் தெரியும் வழக்கில் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மயக்க மருந்து வழக்கில் நிபுணர் கருத்து இல்லாமல் நான் படியேற மாட்டேன்.

பென்னாகரம்: அரசு மருத்துவமனையில் நடந்தது. ஒரு பைசா செலவில்லை. கேட்க உரிமை உண்டா?

உண்டு, வழிதான் வேறு. எல்லோருக்கும் முழு இலவசமாகச் செய்யும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு எதிராக நேரடியாக உத்தரவு கேட்கும் மனு) போடலாம். சென்னை அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. அந்த வழக்கில் சுமார் ₹1.8 கோடி கொடுக்கும்படி 2015இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு மருத்துவமனை என்பதால் பொறுப்பு கழன்றுவிடாது. தனியார் மருத்துவமனையில் காப்பீட்டில் சிகிச்சை பெற்றிருந்தால் அது இலவசம் ஆகாது. பணம் கொடுத்தது காப்பீட்டு நிறுவனம், அவ்வளவுதான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

அரூர்: என் அக்காவுக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டரைக் கைது செய்ய வைக்க வேண்டும்.

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்து இல்லாமல் போலீஸ் நகரக் கூடாது என்று 2005இல் தீர்ப்பு இருக்கிறது. அதில் தண்டனை கிடைத்தாலும் உங்கள் அக்காவின் சிகிச்சைச் செலவுக்குப் பணம் வராது.

காவேரிப்பட்டணம்: எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டோமே?

நீங்கள் சம்மதித்தது சிகிச்சையில் இயல்பாக இருக்கும் ஆபத்துக்கு. அலட்சியத்துக்கு யாரும் சம்மதக் கையெழுத்து வாங்க முடியாது.

கிருஷ்ணகிரி: மகனுக்கு ஆறு வயது. வழக்கு நடக்கிறது. மருத்துவமனை ₹3 லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறது. வாங்கிவிடவா?

அம்மா, அந்தத் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கும். அப்புறம் கணக்குப் போடுங்கள். மகனுக்கு வாரம் எத்தனை பிசியோதெரபி, மாதம் எத்தனை டயப்பர், வலிப்பு மாத்திரை என்ன விலை, சக்கர நாற்காலியை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாம்பழக்கூழ் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூலியும் இழப்பில் சேரும். உங்கள் மன வேதனையும் தனிக் கணக்கு. டைபாய்டுக்குச் சேர்த்த குழந்தைக்கு நர்ஸ் தவறான ஊசி போட்டு மூளை செயலிழந்த டெல்லி வழக்கில், குழந்தைக்கு ₹12.5 லட்சம், பெற்றோருக்குத் தனியாக ₹5 லட்சம் என்ற உத்தரவை 1998இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது அந்தக் காலத்துப் பணம்.

ஒரு நோட்டு வாங்கி இன்று முதல் தேதி போட்டு எழுதுங்கள். ஆட்டோவுக்குக் கொடுத்ததையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் நோட்டோடு வாருங்கள், ₹3 லட்சத்தைப் பற்றி அப்போது பேசலாம்.