கடலடிக் கேபிளைச் சுறா கடிக்குமா?

கேள்வி: மகள் பிரான்சில் இருக்கிறாள். வீடியோ அழைப்பு இழுபடும்போதெல்லாம் "கேபிளைச் சுறா கடித்துவிட்டது" என்கிறான் என் தம்பி. உண்மையா? செய்மதி இருக்கும்போது கடலில் ஏன் கேபிள்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா, சுறா கடிப்பது மிக அபூர்வம். கேபிளுக்கு உண்மையான எதிரிகள் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பலின் நங்கூரம் பட்டு, இங்கே இன்டர்நெட்டும் வெளிநாட்டு அழைப்புகளும் பெரிதும் தடைப்பட்டன. கோளாறு நம் கரையில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது கொழும்பிலும் வேகம் விழுந்தது.

செய்மதியா? நம் பாதுக்கைச் செய்மதித் தொடர்பு நிலையத்துப் பெரிய தட்டு அன்டெனாக்கள் பார்க்கும் வகைச் செய்மதி சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்டு மகள் பதில் சொல்வதற்குள் அரை விநாடி போய்விடும். கேபிள் போலப் பெருந்தொகைத் தரவையும் அது தாங்காது. சிங்கப்பூரில் தொடங்கி கொழும்பைத் தொட்டு பிரான்சின் மார்செய் வரை போகும் சீ-மீ-வீ 4 கேபிள் சுமார் 18,800 கிலோமீட்டர் நீளம், 14 நாடுகளை இணைக்கிறது. ஆழ்கடலில் அதன் தடிப்பு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான்! கரையோரத்தில் மட்டும் இரும்புக் கம்பி சுற்றி மண்ணுக்குள் புதைப்பார்கள்.

கேபிளுக்குள் தரவை ஒளியாகக் கொண்டுபோவது பைபர் என்ற கண்ணாடி இழைகள். நான் பல வருடம் தரையில் பைபர் இணைப்பு வேலை செய்தவன். தலைமுடி அளவுக் கண்ணாடி இழைகள் இரண்டையும் நுனி நேராக வெட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து முகத்துக்கு முகம் நிறுத்தி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் வெளிச்சம் கசியும். வெட்டி மறுபடி தொடங்க வேண்டியதுதான். திருத்தும் கப்பலிலும் இதே வேலைதான், ஆனால் ஆடுகிற தளத்தில். அறுந்த இடத்தைக் கரையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்: இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அப்புறம் கொக்கி போட்டு முனைகளை மேலே தூக்கி, நடுவே புதுத் துண்டு சேர்ப்பார்கள். கப்பல் வந்து, கடலும் ஒத்துழைத்து முடிய நாட்கள், சிலநேரம் வாரங்கள் ஆகும். அதுவரை மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற மற்றக் கேபிள்கள் சுமையைத் தாங்கும். அந்த நெரிசலில்தான் உங்கள் அழைப்பு இழுபடுகிறது. ஆனால் அடிக்கடி இழுபட்டால், முதலில் வீட்டு வைஃபையைப் பாருங்கள்.

கல்கிசைப் பக்கம் கடலுக்குப் போகும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. வலையோ நங்கூரமோ கேபிளில் சிக்கினால் இழுக்காதீர்கள். வழிநெடுக ஒளியைப் பெருக்கும் கருவிகளுக்காக அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கயிற்றை அறுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு கரைக்கு அறிவியுங்கள்.